17,000 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

பூகோள உருண்டை ஒன்றில் லண்டன் மேல் ஒரு விரலும் சிட்னி மேல் ஒரு விரலும் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சுவர்ப்படம் பார்த்துப் பழகிய கண், நூல் மத்தியதரைக் கடலையும் அரபிக் கடலையும் தொட்டுக்கொண்டு தென்கிழக்கே சரியும் என்று எதிர்பார்க்கும். அது அப்படிப் போகாது. லண்டனை விட்டதும் வடகிழக்கே ஏறும். மாஸ்கோவுக்குச் சற்று வடமேற்கே 57 டிகிரி அட்சரேகையைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும். கஜகஸ்தான், சீனாவின் சிச்சுவான், தென்சீனக் கடல், சுலவேசித் தீவின் வடகிழக்கு மூலை, ஆஸ்திரேலியாவின் வடகரை, அப்புறம் சிட்னி. உருண்டையான பூமியில் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி இதுதான். பெருவட்டப் பாதை என்பார்கள். நீளம் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு இடங்களும் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது என்பதால், இந்த இரு நகரங்களும் விலக முடிந்த மட்டும் விலகி நிற்பவை என்றே சொல்லிவிடலாம்.

இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்தால் ஏறத்தாழ 19 மணி நேரம். பள்ளிக்கூடத்துக் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இந்த 19 மணி நேரத்தில் லண்டனிலிருந்து சிட்னிக்குப் பயணச்சீட்டு வாங்கிப் போனவர் இதுவரை ஒருவரும் இல்லை. இத்தனைக்கும் அந்த வேகம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது, இந்த வழித்தடத்தின் நூற்றாண்டுக் கதையில் ஒரு தடவைகூட முழுசாக உண்மையானதில்லை. நேரத்தைத் தின்றவை வேறு: இரவு, எரிபொருள், எதிர்க்காற்று, கீழே இருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்.

1919இல் ஆஸ்திரேலிய அரசு 10,000 பவுன் பரிசு அறிவித்தது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு அந்தப் பணம். முதல் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வேலையில்லாமல் நின்ற போர் விமானங்களும் விமானிகளும் நிறைய. ஆறு குழுக்கள் கிளம்பின. இரண்டு விமானங்கள் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும், ஷியர்ஸ், பென்னட் என்ற இரண்டு இயந்திர வல்லுநர்களும் விக்கர்ஸ் விமி என்னும் இரட்டை இறக்கை விமானத்தில் நவம்பர் 12ஆம் தேதி லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவில் கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 28 நாள்.

இந்த 28 நாளில் அவர்கள் வானத்தில் இருந்தது சுமார் 136 மணி நேரம்தான். ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் தரையில். திறந்த இருக்கையில் உட்கார்ந்து பறந்தவர்கள், இறங்கிய இடத்தில் தாங்களே எரிபொருளை வடிகட்டி ஊற்ற வேண்டும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் தூக்கம். சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட, ஊர்க்காரர்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்து ஓடுபாதை போட்டுக் கொடுத்தார்கள். மூங்கில் பாய் மேல் ஓடித்தான் அந்த விமானம் எழும்பியது. பரிசை வாங்கிய பிறகு சிட்னிக்குப் போய்ச் சேர இன்னும் இரண்டு மாதம் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழியில் எஞ்சின் மக்கர் செய்துகொண்டே இருந்தது. கெடுவைத் தவறவிட்டாலும் விடாமல் வந்து சேர்ந்த இன்னொரு குழு உண்டு. பாரர், மெக்கின்டாஷ் என்ற இருவர். அவர்களுக்கு ஆன காலம் 206 நாள். அதே இரண்டு நாடுகள், ஏறக்குறைய அதே தூரம்.

வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் 1934, 1935 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்பர்னுக்கு ஒரு விமானப் பந்தயம் நடந்தது. டி ஹாவிலாண்ட் நிறுவனம் இதற்கென்றே கட்டிய காமெட் என்ற செந்நிற விமானத்தில் ஸ்காட்டும் கேம்ப்பெல் பிளாக்கும் 71 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் ஆகிய ஐந்து இடங்களில் இறங்கியே தீர வேண்டும் என்பது பந்தய விதி. இரண்டாவதாக வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டச்சு நிறுவனமான கே.எல்.எம். அனுப்பிய டி.சி.-2. அது பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு வந்த சாதாரண வணிக விமானம். கடைசி இரவில் புயலில் வழி தவறிய அந்த விமானத்துக்கு, ஆல்பரி என்ற சிற்றூர் தெருவிளக்குகளை அணைத்து ஏற்றித் தன் பெயரையே மோர்ஸ் குறியாகக் காட்டியது. குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிக் கார்களை நிறுத்தி முகப்பு விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் இறங்கியது. காலையில் ஊரே சேர்ந்து சேற்றிலிருந்து இழுத்துவிட்டது.

மறு ஆண்டு, 1935 ஏப்ரலில், லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகள் சேவை தொடங்கியது. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் சேர்ந்து நடத்தியது. எத்தனை நாள் தெரியுமா? பன்னிரண்டரை. பந்தயக்காரர்கள் மூன்று நாளில் கடந்ததைப் பயணச்சீட்டு வாங்கியவர் நான்கு மடங்கு காலம் செலவழித்துக் கடந்தார். இரவில் பறப்பதில்லை, பயணிகள் ஓட்டலில் படுத்து எழுந்து காலையில் கிளம்புவார்கள். விமானங்களும் வழியில் மாறிக்கொண்டே இருக்கும். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை விமானமே கிடையாது. ரயில்தான்! இத்தாலிய அரசோடு ஒத்துப்போகாததால், உலகத்தின் மிக நீண்ட விமானச் சேவையில் ஒரு பகுதியை ரயிலில் ஓட்டினார்கள்.

பாரசீகமும் அப்படித்தான். வளைகுடாவின் வடகரை வழியாகப் போய்க்கொண்டிருந்த விமானங்களுக்கு அந்த நாடு அனுமதியை நீட்டிக்க மறுத்தது. 1932இல் வழித்தடம் தென்கரைக்கு, அரபு ஷேக்குகளின் நிலத்துக்கு மாறியது. பாலைவனத்தின் ஓரத்தில் முத்துக்குளித்தலை நம்பிக் கிடந்த ஷார்ஜாவுக்கு ஓடுதளமும், பயணிகள் தங்கக் கோட்டை போன்ற ஒரு விடுதியும் அப்படி வந்தவைதான். வளைகுடாவின் இன்றைய விமான நிலையங்களின் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மறுப்பு நினைவுக்கு வரும். விமான வழித்தடத்தைத் தீர்மானிப்பது வரைபடம் மட்டும் அல்ல. யாருடைய தலைக்கு மேல் யார் பறக்கலாம் என்பதும்தான்.

1938இல் பறக்கும் படகுகள் வந்தன. சவுத்தாம்டன் துறைமுகத்தில் தண்ணீரிலிருந்து கிளம்பி, ஏரிகளிலும் ஆறுகளிலும் இறங்கி ஏறி, சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவில் வந்து அமரும். கராச்சி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன் எல்லாம் இந்த வழியில் இருந்தன. பயண காலம் சுமார் பத்து நாளுக்கு இறங்கியது. அக்யாப் இன்று சித்வே என்று அழைக்கப்படும் பர்மியக் கடற்கரை ஊர். லண்டன்காரரும் சிட்னிக்காரரும் ஒரு காலத்தில் அங்கே தரையிறங்கினார்கள் என்றால் இன்று நம்ப மாட்டோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. வழித்தடம் இரண்டாகத் துண்டானது. இங்கேதான் நமக்குப் பக்கத்து ஊர் ஒன்று கதைக்குள் வருகிறது.

இலங்கையின் தென்முனையில், காலிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஒரு காயல் கொக்கல. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்க பிறந்த ஊர். போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை இதைப் பறக்கும் படகுகளின் தளமாக்கிக்கொண்டது, ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1942 ஏப்ரலில் இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டு செய்தி அனுப்பிய பெர்ச்சால் என்ற கனடிய விமானி கிளம்பியதும் இந்தத் தண்ணீரிலிருந்துதான். அடுத்த ஆண்டு கொக்கலவுக்கு இன்னொரு வேலை வந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த்திலிருந்து கொக்கல வரை, நடுவில் எங்கும் நிற்காமல், இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடப்பது.

தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைக்கு ஏழெட்டு மணி நேரப் பறப்பு. கட்டலினா என்ற அந்த இரட்டை எஞ்சின் படகின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். 27 மணி நேரத்தில் முடிந்தால் நல்ல நாள்; 30ஐத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானிய விமானங்கள் ரோந்து வரும் கடற்பரப்பை இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தைக் குறிப்பார்கள். வானொலியைத் தொடக் கூடாது. திசைக்கு நட்சத்திரங்கள்தான். ஐந்து படகுகளுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அவற்றில் ஸ்பைகா என்பது நம்முடைய சித்திரை நட்சத்திரம், அன்டாரிஸ் கேட்டை. ஒரே பறப்பில் இரண்டு முறை விடிவதைப் பார்க்க நேர்ந்ததால் இதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. வானில் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்த பயணிகளுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள். 1943 ஜூலை முதல் 1945 வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை.

இத்தனை பெரிய விமானத்தில் ஏற்றியது எவ்வளவு? பயணிகள் அதிகம் போனால் மூன்று பேர். தபால் சுமார் 69 கிலோ. மிச்சமெல்லாம் பெட்ரோல். நீண்ட பறப்பின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. தொலைவு போக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். மாட்டு வண்டியில் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு போவது போல. ஓர் எல்லைக்கு மேல் வண்டி முழுக்க வைக்கோல்தான் இருக்கும்.

போருக்குப் பிறகு 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி, லண்டன். கங்காரு வழித்தடம் என்ற பெயர் இதற்குப் பொருந்தித்தான் வந்தது. தத்தித் தத்திப் போனது. நான்கு நாள். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு தங்கல். 1959இல் போயிங் 707 வந்தது. நாள் கணக்கு மணிக் கணக்கானது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 707 வந்த பிறகு பயணிகள் விமானங்களின் வேகம் ஏறக்குறைய ஏறவே இல்லை. ஒலியை மிஞ்சிய கான்கார்ட் விதிவிலக்கு. அதுவும் 2003இல் ஓய்ந்தது. பின்வந்த விமானங்கள் அமைதியானவை, சிக்கனமானவை, பெரியவை. வேகமானவை அல்ல. அப்படியிருந்தும் சிட்னி–லண்டன் பயண நேரம் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: நிறுத்தங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. திரிப்போலி போயிற்று, கெய்ரோ போயிற்று, கராச்சியும் கல்கத்தாவும் போயின. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சிங்கப்பூர், அல்லது துபாய், அல்லது தோஹா.

அந்த ஒன்றையும் விட்டுவிட முடியாதா என்று 1989 ஆகஸ்டில் குவாண்டாஸ் ஒரு முயற்சி செய்தது. புத்தம் புதிய போயிங் 747-400. ஒரே அளவு தொட்டியில் அதிக எடை கொள்ளும் அடர்த்தியான எரிபொருளைத் தனியாகத் தயாரித்து வாங்கினார்கள். ஓடுபாதையின் தொடக்கம் வரை இழுவை வண்டி கட்டி இழுத்துப் போனார்கள், அந்த நேரத்து எண்ணெயும் மிச்சமாகட்டும் என்று. நானூறு பேர் உட்காரக்கூடிய விமானத்தில் ஏறியவர்கள் 23 பேர். லண்டனிலிருந்து சிட்னி வரை 18,001 கிலோமீட்டர், 20 மணி 9 நிமிடம். பெருவட்டப் பாதையைவிட ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். (அந்த விமானம் 2015இல் சிட்னிக்குத் தெற்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் கடைசிப் பறப்பு ஏறத்தாழ கால் மணி நேரம்.)

முப்பது ஆண்டு கழித்து, 2019 நவம்பரில், அதே நிறுவனம் அதே திசையில் போயிங் 787-9 ஒன்றைப் பறக்கவிட்டது. இப்போது சுமார் 50 பேர். ஆன நேரம் 19 மணி 19 நிமிடம். முப்பது ஆண்டுகளின் பொறியியல் இந்தத் தூரத்தில் மிச்சப்படுத்திய நேரம் 50 நிமிடம். ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் எரித்த எண்ணெயில்தான் முன்னேற்றம் இருக்கிறது. 787-9 நிரம்பிய தொட்டியோடு கிளம்பினால் அதன் உச்ச எடையான 254 டன்னில் சுமார் 101 டன் எரிபொருள். ஐந்தில் இரண்டு பங்கு. வைக்கோல் வண்டிதான், ஆனாலும் மிச்ச இடத்தில் ஆட்களையும் ஏற்ற முடிகிறது. 2018 மார்ச்சில் பெர்த்–லண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கியது அதனால்தான். 14,498 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்கு மேல்.

1989, 2019 இரண்டு பறப்புகளுமே லண்டனிலிருந்து சிட்னிக்கு, அதாவது மேற்கிலிருந்து கிழக்குக்கு. மறுதிசையில் அல்ல. இது தற்செயல் இல்லை. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம் இரண்டு அரைக்கோளங்களிலும் உண்டு. கிழக்கே போகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளும். மேற்கே போகிறவரை நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். ஆகவே லண்டன்–சிட்னி நேரமும் சிட்னி–லண்டன் நேரமும் ஒன்றல்ல. ஊருக்கு ஒரு தூரம் இருக்கலாம். நேரம் திசைக்கு ஒன்று.

காற்றும் அரசியலும் ஒன்றாகக் கைகோத்ததற்கு அண்மைய சான்று ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மேற்காசியாவில் போர்ப் பதற்றம் கூடியபோது ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டியிருந்தது. பெர்த்–லண்டன் இடைநில்லா விமானம் சுற்றுவழியில் போக எரிபொருள் போதாமல், சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது. லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பும் விமானமும் அதே சுற்றுவழியில்தான் வந்தது. ஆனால் எங்கும் இறங்கவில்லை. முதுகுக் காற்று கை கொடுத்தது. நூலைப் பிடித்துப் பார்த்தோமே, அந்த மாஸ்கோ வழியும் இன்று பயன்படாது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022இலிருந்து ரஷ்ய வான்வெளி பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 1932இன் பாரசீகத்துக்கும் 2022இன் ரஷ்யாவுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டு. வளைந்து போக வேண்டிய கட்டாயம் மாறவில்லை.

இப்போது குவாண்டாஸ் கையில் எடுத்திருப்பது, சிட்னியிலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காத வழக்கமான சேவை. திட்டத்தின் பெயர் ‘சூரியோதயம்’. கொக்கல நாட்களின் நினைவாக வைத்தது. 2022இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தார்கள். 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் தொட்டி ஒன்று அவற்றில் பொருத்தப்படுகிறது. மற்ற நிறுவனங்கள் முந்நூறுக்கு மேல் இருக்கை போடும் விமானத்தில் இவர்கள் போடுவது 238. சேவை 2027இல் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். பறக்கும் நேரம் 22 மணி வரை ஆகலாம்.

மிச்சமாவது எவ்வளவு? இப்போதைய ஒரு நிறுத்தப் பயணத்தோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம் வரை என்று நிறுவனம் சொல்கிறது. இதை எடைபோட வேறொரு கணக்கும் வேண்டும். சிட்னி–சிங்கப்பூர் சுமார் 6,300 கிலோமீட்டர். சிங்கப்பூர்–லண்டன் சுமார் 10,900. கூட்டினால் 17,200. நேர்வழியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல். அதாவது சிங்கப்பூரில் இறங்குவதால் வழி கெடுவதில்லை. கெடுவது இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறும் நேரம் மட்டுமே. அதற்குப் பதிலாக நடுவில் கால் நீட்டி நடக்கலாம், நல்ல தேநீர் குடிக்கலாம், விமானமும் பாதி வழிக்கான எண்ணெயைச் சுமக்காமல் போகலாம். என்னைக் கேட்டால் சிங்கப்பூரில் இறங்குவேன்.

எல்லோரும் அப்படி நினைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சிதறிய குடும்பங்களில் அக்கா சிட்னியிலும் தம்பி லண்டனிலும் இருப்பது சர்வசாதாரணம். சாவீட்டுக்குப் போகிறவருக்கு நான்கு மணி நேரம் பெரிய விஷயம். வயதான அம்மாவைத் தனியே அனுப்பும்போது நடுவில் விமானம் மாற வேண்டாம் என்பதே பாதி நிம்மதி.

ஆனால் உடம்புக்கு என்ன ஆகும்? 1919இல் இந்தக் கேள்வியே எழவில்லை. நாளொன்றுக்குச் சில நூறு கிலோமீட்டர் போனவர்களின் உடம்புக் கடிகாரம் சூரியனோடு சேர்ந்தே நகர்ந்தது. இப்போது இரண்டு நகரங்களின் கடிகாரங்களுக்கு நடுவே, பருவத்தைப் பொறுத்து, ஒன்பது முதல் பதினோரு மணி நேர வித்தியாசம். அதை ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி கடக்க வேண்டும். 2019இன் சோதனைப் பறப்புகளில் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயணிகளின் தூக்கத்தையும் உணவையும் அசைவையும் பதிவு செய்தார்கள். எப்போது விளக்கை ஏற்றுவது, எப்போது அணைப்பது, விழித்திருக்க வேண்டிய நேரத்தில் காரமான சாப்பாடு கொடுக்கலாமா என்றெல்லாம் பார்த்தார்கள். புதிய விமானத்தில் எழுந்து நின்று உடம்பை நீட்டி முறிக்க ஓர் இடம் ஒதுக்கியிருப்பதும் இதன் விளைவு. இருக்கைகள் 238 ஆகச் சுருங்கியதற்குப் பாதிக் காரணம் எண்ணெய் என்றால், மீதிக் காரணம் முட்டி மடங்காமல் உட்கார வேண்டிய மனித உடம்பு.

அந்தச் சேவை தொடங்கும்போது உலகத்திலேயே மிகத் தொலைவு இடைநில்லாமல் பறக்கும் பயணிகள் விமானம் என்ற பெயர் அதற்குக் கிடைக்கும். மிக நீண்ட நேரம் பறந்தது என்ற பெயர் கிடைக்காது. அது கொக்கலவுக்கும் பெர்த்துக்கும் இடையே பறந்த கட்டலினா ஒன்றிடம் இருக்கிறது: 32 மணி 9 நிமிடம். போர் முடிந்ததும் அந்தப் படகுகளை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.